ஏழாம் விதியும் பச்சை விமானமும்

புல் முழங்காலைத் தொட்டுவிட்டது. வெட்ட மெஷின் இருக்கிறது, ஊற்றப் பெட்ரோல் இருக்கிறது, ஓட்ட ஆள் இருக்கிறது. வெட்டக் கூடாது என்று விதியும் இருக்கிறது. அந்த விதியை எழுதியவனே நான் என்பதால் யாரைத் திட்டுவது என்று புரியாமல், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மைதானத்து ஓரத்தில் நின்று புல்லைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது ரிமோட் வைத்து விமானம் பறக்கவிடுகிறவர்களின் கிளப். பொம்மை விமானம் என்று யாராவது சொல்லிவிட்டால் உறுப்பினர்கள் பதினான்கு பேரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருவார்கள். மாதிரி விமானம் என்று சொல்ல வேண்டும். நான் குழாய்க் கடைக்காரன். கிளப்புக்குச் செக்ரட்டரி. செக்ரட்டரி என்றால் ஷெட் சாவியும் கெட்ட பெயரும் யார் கையில் இருக்கிறதோ அவன்.

விமானம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் புல் கட்டையாக இருக்க வேண்டும். எவ்வளவு கட்டை என்று கேட்டால் அன்றைய பொழுது போய்விடும். சின்னச் சக்கரம் வைத்தவருக்குக் கம்பளம் மாதிரி வேண்டும். சக்கரமே இல்லாமல் வயிற்றால் இறங்கும் கிளைடர்காரருக்கு மெத்தை மாதிரி வேண்டும். ஹெலிகாப்டர் மட்டுமே பறக்கவிடும் ஒருவர் இருக்கிறார், பெயரே ஹெலிகாப்டர் என்று ஆகிவிட்டது. "எனக்குப் புல்லு எவ்வளவு இருந்தா என்ன? நான் நேரா ஏறி நேரா இறங்கறவன்" என்பார். வெட்டும் முறை அவருக்கு வந்தால் மட்டும் நேராகவும் வரமாட்டார், சுற்றியும் வரமாட்டார். இடுப்புப் பிடித்துக்கொள்ளும். முறைப்பட்டியல் போட்டு மூன்று வருடம் பார்த்தோம். அந்த மூன்று வருடத்தில் எங்கள் கிளப்பில் பிடித்துக்கொண்ட இடுப்புகளை அடுக்கினால் ஓர் ஆஸ்பத்திரி கட்டலாம். கடைசியில் என் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூட மைதானம், தொழிற்சாலை வளாகம் என்று ஒப்பந்தம் எடுத்து, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியால் வெட்டிக் கொடுப்பது அவன் தொழில்.

அவன் தயார். புல்லும் தயார். நடுவில் நிற்பது ஏழாம் விதி.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் முறைப்படி நானே மெஷின் ஓட்டினேன். புல்லுக்குள் எங்கள் உறுப்பினரான பேங்க் மேனேஜருடைய கிளைடர் கிடந்தது எனக்குத் தெரியாது. அவருடைய இரண்டு வருட வேலை, நான்கு வினாடியில் பல் குத்தும் குச்சி ஆனது. மனிதர் கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். அவர் ஒரு பையைக் கொண்டுவந்து ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கினார். அன்று சாயங்காலமே மினிட் புத்தகத்தை எடுத்து எழுதினேன்: 'விதி ஏழு. ஏதேனும் ஒரு விமானம் புல்லுக்குள் கிடக்கும்வரை, அதன் உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தாலொழிய, புல்வெட்டியின் கத்தி சுழலக் கூடாது.' எல்லோரும் கைதட்டினார்கள். என் கையெழுத்து அழகாக இருந்தது.

இப்போது மூன்று வாரமாக, பல் டாக்டருடைய விமானம் புல்லுக்குள் கிடக்கிறது. கிடக்கிறது என்று அவர் சொல்கிறார். ஒரு புதன்கிழமை நண்பர் ஒருவரோடு வந்தாராம், பறக்கவிட்டாராம், விழுந்துவிட்டதாம். நண்பரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. விமானத்தின் நிறம் பச்சை.

"டாக்டர், புல்வெளியில பறக்கவிடற விமானத்துக்கு உலகத்துல வேற கலரே கிடைக்கலையா?" என்று கேட்டேன்.

"கிளினிக் சுவருக்கு அடிச்சதுல மிச்சம் இருந்துச்சு சார்."

தேடினால் கிடைக்கவில்லை. கிடைக்காததால் வெட்டவில்லை. வெட்டாததால் வளர்ந்தது. வளர்ந்ததால் கிடைக்கவில்லை. நடுவில் நான்கு நாள் மழை வேறு பெய்து உதவி செய்தது.

இதில் எனக்கு என்ன போச்சு என்று கேட்கலாம். நிலம் தண்ணீர்த் துறையுடையது. பக்கத்தில் பம்ப்ஹவுஸ் இருப்பதால் காய்ந்த புல்லில் தீப்பிடித்துவிடுமோ என்று அவர்களுக்குப் பயம். புல் ஒரு சாணுக்கு மேல் வளரக் கூடாது என்பது ஒப்பந்தம். மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை நில அதிகாரி மேடம் வந்து அளப்பார். இரண்டு தடவை மிஞ்சினால் இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் தடவை போன முறையே மிஞ்சிவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் லாரி ஷெட்காரர், வண்டி நிறுத்த இடம் கேட்டு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அடுத்த அளவை வருகிற சனிக்கிழமை.

வாரத்தில் ஆறு நாள் என் காதில் விழுவது ஒரே வாக்கியம்: "கடைசி விலை சொல்லுங்க." வாங்க வருகிறவன் சொல்கிறான், சரக்குப் போடுகிறவன் சொல்கிறான், மூட்டை இறக்குகிறவன் சொல்கிறான். நானும் சொல்கிறேன். தொட்டிலில் கிடந்தபோதே அதைக் கேட்டு வளர்ந்தவன். ஏழாவது நாள் இந்த மைதானத்தில் பதின்மூன்று பேர் என்னோடு சண்டை போடுவார்கள். ஒருவர்கூட பேரம் பேச மாட்டார். அப்படி ஓர் இடம் எனக்கு இந்த உலகத்தில் வேறு இல்லை. அதைப் போய் லாரிக்குக் கொடுப்பதா?

அன்று ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தேட வந்தார்கள். தேட வந்தார்கள் என்றா சொன்னேன்? தேடுவது எப்படி என்று காட்ட வந்தார்கள்.

ஓய்வு பெற்ற சர்வேயர் ஒரு மூட்டை முளைக்குச்சியும் நூல்கண்டும் கொண்டுவந்திருந்தார். "கண்டமேனிக்குத் தேடினா கண்டமேனிக்குத்தான் கிடைக்கும்" என்று மைதானத்தை நாற்பத்தெட்டுக் கட்டமாகப் பிரித்து நூல் கட்டினார். கட்டி முடிக்கப் பத்தரை மணி ஆனது. புல்லுக்குள் நூல் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. பதின்மூன்றாம் கட்டத்தைத் தேடிக்கொண்டிருந்த பேங்க் மேனேஜர் தடுக்கிப் பதினான்காம் கட்டத்தில் விழுந்தார்.

"அப்ப பதினாலும் பாத்தாச்சுன்னு எழுதிக்கலாமா?" என்றார் சர்வேயர், பென்சிலோடு.

ஹெலிகாப்டர் இதையெல்லாம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நூலு, குச்சி! என்ன சார் இது, கோலி விளையாட்டா? என் மெஷின்ல கேமரா இருக்கு. தாழப் பறந்தா விசிறிக் காத்துல புல்லு படுத்துக்கும். உள்ள என்ன இருந்தாலும் தெரிஞ்சுடும்."

நல்ல யோசனைதான். வாய் தவறிப் பாராட்டியும்விட்டேன். அவருடைய மெஷின் மேலே ஏறி, தாழ வந்து, புல்லை இரண்டு பக்கமும் வகிடு எடுத்துக்கொண்டே போனது. பன்னிரண்டு அடி போயிருக்கும். வால் விசிறியில் சர்வேயருடைய நூல் மாட்டிக்கொண்டது. ஆறு கட்டத்து நூலை இழுத்துச் சுற்றிக்கொண்டு தலைகுப்புற விழுந்தது.

"என் கட்டம்!" என்று கத்தினார் சர்வேயர்.

"என் மெஷின்!" என்று கத்தினார் ஹெலிகாப்டர்.

ஹெலிகாப்டர் உடனே கிடைத்துவிட்டது. விழுந்த வேகத்தில் தெறித்துப்போன பேட்டரி கிடைக்கவில்லை. புல்லைப் பற்றி வாழ்நாளில் கவலைப்படாத மனிதர் என் முன்னால் வந்து நின்றார்.

"செக்ரட்டரி, ஏழாம் விதி எனக்கும் உண்டு இல்ல?"

"உங்க ஹெலிகாப்டர்தான் கையிலயே இருக்கே."

"பேட்டரி இல்லாம இது ஹெலிகாப்டரா? நீங்களே சொல்லுங்க, இது பறக்குமா?"

திங்கட்கிழமை சாயங்காலம் ஷெட்டில் மீட்டிங் போட்டார்கள். பேட்டரியும் விமானமாகக் கருதப்படும் என்று எட்டுக்கு ஆறு வாக்கில் முடிவானது. நான் எழுதிக்கொண்டேன். என் கையெழுத்து முன்னைப் போல அழகாக இல்லை.

வீட்டுக்குப் போனால் மச்சினன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அக்கா வீட்டுச் சாப்பாடு என்றால் அவனுக்கு இடுப்புப் பிடிக்கவே பிடிக்காது.

"மாமா, சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் எனக்குக் கை காலி. சனிக்கிழமை மத்தியானம் மெஷின் தொழிற்சாலைக்குப் போயாகணும்."

"வியாழக்கிழமை?"

"முடியாது. அதுவும் இல்லாம, இப்ப இருக்கற உசரத்துக்கே ரெண்டு தடவை ஓட்டணும். முதல் தடவை கத்தியைத் தூக்கி வச்சு, ரெண்டாவது தடவை இறக்கி வச்சு. இன்னும் வளர்ந்தா பிளேடுல சுத்திக்கும். அப்புறம் மெஷினை வெளிய எடுக்க இன்னொரு மெஷின் வேணும்."

மனைவி அவனுக்கு இன்னும் ஒரு கரண்டி போட்டபடி என்னைப் பார்த்தாள். "உங்க கிளப்புல எல்லாரும் படிச்சவங்கதானே?"

"அதான்டி கஷ்டமே."

"அந்த டாக்டர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. பதினாலு பேரு கூடிக் கூடி மீட்டிங் போடறீங்களே, அவரைத் தனியாப் பிடிச்சுப் பேசினா என்ன? கடைக்கு வர்றவனை இப்படித்தான் கூட்டத்துல வச்சு விலை பேசுவீங்களா?"

கேட்க எரிச்சலாக இருந்தது. சரியாகவும் இருந்தது, அதனால் இன்னும் எரிச்சல்.

புதன்கிழமை சாயங்காலம் கிளினிக்குக்குப் போனேன். கடைசிப் பல்வலிக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போனதும் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். அந்த அறையில் உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது.

"உட்காருங்க சார், பேசலாம்" என்று ஒரு பொத்தானை அழுத்தினார். நாற்காலி மல்லாந்தது. "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, அப்படியே பாத்துடறேன். ஆ காட்டுங்க."

கூரையிலிருந்து ஆறு விமானங்கள் கொக்கியில் தொங்கின. வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறவர்கள் வலியை மறந்து பார்க்கட்டும் என்று மாட்டியிருக்கிறார். ஏழாவது கொக்கி காலியாக இருந்தது. என் வாயில் கண்ணாடியும் ஊசியும் ஒரு உறிஞ்சு குழாயும் இருந்தன. ஆயுளில் எத்தனையோ பேரம் பேசியிருக்கிறேன். என் வாயை மற்றவன் கையில் கொடுத்துவிட்டுப் பேசியது இல்லை.

"பதினாலு மாசம் சார். ஒவ்வொரு விலாக் கட்டையும் இதோ இந்த டிரில்லாலதான் துளை போட்டேன். ராத்திரி கிளினிக் மூடினதும் உட்காருவேன். வலிக்குதா?"

"ஆ."

"நீங்க சம்மதம் கேக்க வந்திருக்கீங்கன்னு தெரியும். எப்படி சார் குடுப்பேன்? பேங்க் மேனேஜர் பையில பொறுக்கினாரே, அன்னிக்கு நானும் பக்கத்துல நின்னேன். அது மதில் பக்கமா, அந்த ஓரத்துலதான் விழுந்துச்சு. பத்திரமா இருக்கும்." கையிலிருந்த கண்ணாடியால் ஜன்னல் பக்கம் காட்டினார்.

எனக்குள் ஏதோ இடித்தது, ஊசி இல்லை. ஞாயிற்றுக்கிழமை இவர் கேட் பக்கம் காட்டினார். முதல் நாள் பம்ப்ஹவுஸ் பக்கம் காட்டினார். இன்று மதில். எங்கள் கடைத்தெருவில் ஒரே சரக்குக்குக் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று விலை சொல்கிறவனைப் பார்த்தால், சரக்கு இன்னும் இவன் கைக்கே வரவில்லை என்று புரிந்துகொள்வோம்.

வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தார். துப்பிவிட்டுக் கேட்டேன்.

"டாக்டர், அது விழுந்ததை நீங்க பாத்தீங்களா?"

உறிஞ்சு குழாய் யார் வாயிலும் இல்லாமல் தனியாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார். கையுறையைக் கழற்றினார். சக்கரம் வைத்த முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"கூட யாரும் வரல சார். நான் மட்டும்தான்."

தனியாக யாரும் பறக்கவிடக் கூடாது என்பது எங்கள் இரண்டாம் விதி. மீறினால் மூன்று மாதம் தடை.

"மேல நல்லாப் போயிட்டிருந்துச்சு. போன் வந்துச்சு. ஒரு பேஷண்ட். கட்டின பல்லு கழண்டு தட்டுல விழுந்துடுச்சு, இப்ப என்ன பண்ணட்டும்னு அழறாங்க. ரிமோட்டை அக்குள்ள இடுக்கிக்கிட்டு, 'அழாதீங்க, பல்லை ஒரு டப்பாவுல போட்டு எடுத்துட்டு வாங்க'ன்னு சொல்லிட்டு நிமிர்ந்து பாத்தேன். வானம் காலியா இருந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம். ரெண்டு இருக்கலாம். விழாம எங்க சார் போயிருக்கும்?"

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"மூணு மாசம் தடைகூடப் பரவாயில்ல. அந்த ஹெலிகாப்டர் என்னைப் பாத்துச் சிரிப்பான் சார். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன் அடிக்கற மாதிரிக் காட்டுவான். அவனைத் தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். அடித்தும் காட்டுவான், எடுத்தும் பேசுவான்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மூன்று வாரம்! நாற்பத்தெட்டுக் கட்டம்! ஆனால் கடையில் வளர்ந்தவன் கோபத்தை உடனே செலவழிக்க மாட்டான். "எனக்குச் சம்மதக் கடிதம் வேணும். உங்க போன் சமாச்சாரம் என் வாயிலேர்ந்து வராது" என்றேன்.

"உங்க வாயை இப்பதான் பாத்தேன். பல்லு உறுதி. நாக்கைப் பத்தி நான் எப்படி சார் சொல்ல முடியும்?"

அப்புறம் பேரம் தொடங்கியது. மைதானம் முழுவதும் மெஷினுக்கு முன்னால் எல்லோரும் மண்டியிட்டுத் தடவிக்கொண்டு போக வேண்டும் என்றார். அப்படிப் போனால் தொழிற்சாலைக்காரன் அடுத்த மாதம்தான் மெஷினைப் பார்ப்பான் என்றேன். கையில் குச்சியோடு நடக்கலாம், ஆனால் ஐந்து பேர் என்றார். இரண்டு என்றேன். மூன்றில் நின்றது. எப்போது கை தூக்கினாலும் மெஷின் நிற்க வேண்டும் என்றார். மணிக்கு மூன்று தடவைதான் என்றேன். ஐந்தில் முடிந்தது. மருந்துச்சீட்டுத் தாளில் சம்மதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். டாக்டர் கையெழுத்து, அதில் சம்மதம் என்று எழுதியிருக்கிறதா, சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மாத்திரை என்று எழுதியிருக்கிறதா, கடவுளுக்குத்தான் தெரியும். போகிற போக்கில் கடைவாய்ப் பல்லில் ஒரு குழியை அடைத்தும் அனுப்பினார்.

பேட்டரிக்காக ஹெலிகாப்டரிடம் தனியாகச் சம்மதம் வாங்கப் போனேன். "டாக்டரே குடுத்துட்டாரா? அப்ப நான் என்ன கல் நெஞ்சனா?" என்று உடனே போட்டுவிட்டார். டாக்டரைவிடச் சின்ன மனிதராகத் தெரியக் கூடாதாம்.

வெள்ளிக்கிழமை டாக்டர் எல்லாப் பல்வலியையும் தள்ளிவைத்துவிட்டு வந்தார். கையில் ரப்பர் கையுறை. நடுவில் அவர், வலது பக்கம் சர்வேயர், இடது பக்கம் நான். பின்னால் மச்சினன் மெஷினில் உட்கார்ந்து, சவ ஊர்வலத்தில் வண்டி ஓட்டுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஊர்ந்து வந்தான்.

"மாமா, இந்த வேகத்துல ஓட்டினா வெட்டின இடத்துலயே திரும்ப முளைச்சுடும்!"

"ஓட்டுடா!"

முதல் மணி நேரத்தில் டாக்டர் ஐந்து தடவையும் கை தூக்கிவிட்டார். ஒரு தடவை கல். ஒரு தடவை ஒற்றைச் செருப்பு. இரண்டு தடவை ஒன்றுமே இல்லை, மனசு கேட்கவில்லை என்றார். ஐந்தாவது தடவை சர்வேயருடைய முளைக்குச்சி. அதைப் பிடுங்கக் கூடாது, கட்டம் கலைந்துவிடும் என்று சர்வேயர் மல்லுக்கு நின்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே மீதி நூல் கத்தியில் சுற்றிக்கொண்டது. மச்சினன் இறங்கி, மெஷினைச் சாய்த்து, பேனாக் கத்தியால் நூலை அறுத்து எடுக்க முக்கால் மணி நேரம். அவன் அப்போது சொன்னதையெல்லாம் அவன் அக்காவிடம் நான் சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு ஹெலிகாப்டரின் பேட்டரி கிடைத்தது, வெந்த பலகாரம் மாதிரி உப்பிப்போய். இரண்டு உடைந்த விசிறிகள் கிடைத்தன. எட்டு வருடத்துக்கு முன்னால் தொலைந்த ஷெட்டின் மாற்றுச் சாவி கிடைத்தது. பூட்டை மாற்றி ஏழு வருடம் ஆகிறது. பச்சை விமானம் கிடைக்கவில்லை.

கத்தியை இறக்கி வைத்து இரண்டாவது தடவையும் ஓட்டி முடித்தபோது மணி ஐந்து. மைதானம் சலூனிலிருந்து எழுந்து வந்த தலை மாதிரி இருந்தது. ஓர் ஊசி விழுந்தாலும் தெரியும். டாக்டர் அதன் நடுவில் நின்று நான்கு பக்கமும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அது இங்கே விழவே இல்லை. இவர் பல்லை டப்பாவில் போடச் சொன்ன நேரத்தில், அது பாட்டுக்கு மதிலைத் தாண்டிப் போயிருக்கிறது. இல்லாத ஒன்றுக்காக மூன்று வாரம் இந்தப் புல்லை வளர்த்திருக்கிறோம்.

சனிக்கிழமை காலை மேடம் மர அளவுகோலோடு வந்தார். ஐந்து இடத்தில் குத்திப் பார்த்தார். மூன்று விரல் உயரம்கூட இல்லை. தாளில் கையெழுத்துப் போட்டு, மேல் தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தார். 

"இவ்வளவு நல்லா வெட்டத் தெரியுது, போன வாரம் பம்ப்ஹவுஸுக்கு வந்தப்ப பாத்தேனே, ஏன் காடா வச்சிருந்தீங்க?"

"விமானம் ஒண்ணு உள்ள விழுந்துடுச்சு மேடம். தேடிட்டிருந்தோம்" என்றார் சர்வேயர்.

"கிடைச்சுதா?"

"இல்ல."

"அப்ப விழுந்துச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் தன் செருப்பைப் பார்த்தார். நான் ஏதாவது ஒரு வேலையைச் சொல்லி எல்லோரையும் கலைத்துவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் சர்வேயர் தொண்டையைச் செருமினார்.

"மேடம் கேட்டதுல விஷயம் இருக்கு. யாராவது எடுத்துட்டுப் போயிருந்தா? புல்லுக்குள்ள கிடக்கும்வரைன்னு நம்ம விதி சொல்லுது. அது போதாது. காணாமப் போன விமானம் எங்க இருந்தாலும் சரி, கிடைக்கற வரைக்கும் வெட்டக் கூடாதுன்னு மாத்தணும். நான் முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்" என்றார் ஹெலிகாப்டர், உப்பிய பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு.

அதற்குள் ஷெட்டிலிருந்து நாற்காலிகள் வெளியே வந்து, அது மீட்டிங் ஆகிவிட்டது. அந்தப் பச்சை விமானம் இனி எந்தக் காலத்திலும் கிடைக்கப் போவதில்லை. இந்தத் திருத்தம் வந்தால் இந்தப் புல் இனி எந்தக் காலத்திலும் வெட்டப்படப் போவதில்லை. மூன்று மாதம் கழித்து லாரி ஷெட்காரருக்குச் சாவியை நானே தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டியதுதான். உண்மையைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துக் கடிதம் வாங்கியிருக்கிறேன். பேசி முடித்த பேரத்தை மாற்றிப் பேசுகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. மினிட் புத்தகத்தைப் பிரித்தேன். பேனா எழுதவில்லை. உதறினேன்.

"ஒரு நிமிஷம்" என்றார் டாக்டர்.

சொல்லிவிட்டார். தனியாக வந்தது, போன், அழுத பேஷண்ட், டப்பா, காலி வானம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். "செக்ரட்டரிக்குத் தெரியும். எனக்காகத்தான் வாயை மூடிட்டிருந்தார். தடை போடுங்க, சிரிங்க, என்ன வேணா பண்ணுங்க. இதுக்கு மேல என்னால முடியாது." ஹெலிகாப்டர் பக்கம் திரும்பிக் காத்திருந்தார், ஊசிக்குக் கையை நீட்டுகிறவர் போல.

ஹெலிகாப்டர் சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கினார்.

"அன்னிக்குக் காத்து எந்தப் பக்கம்?"

"என்ன?"

"காத்துய்யா, காத்து! புதன்கிழமை. மேற்கா, தென்மேற்கா?"

"பேட்டரி எத்தனை நிமிஷம் மிச்சம் இருந்துச்சு?" என்றார் பேங்க் மேனேஜர்.

"விசையை எந்த இடத்துல விட்டீங்க? பாதியிலயா, முக்காலிலயா? அக்குள்ள இடுக்கினா ரிமோட்ல இருக்கற குச்சி எந்தப் பக்கம் சாயும்? இடுக்கிக் காட்டுங்க" என்றார் இன்னொருவர். டாக்டர் இடுக்கிக் காட்டினார். சர்வேயர் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து என் மினிட் புத்தகத்தின் மேலேயே விரித்துவிட்டார்.

"ஏழு நிமிஷம்னா லாரி ஷெட்டைத் தாண்டியிருக்கும்."

"தாண்டாது. இடது பக்கம் வட்டம் போட்டிருக்கும். ஷெட் கூரை மேலதான்."

"கூரைன்னா ஏணி வேணும்."

"டாக்டர், வாங்க! நீங்க நின்ன இடத்தை முதல்ல காட்டுங்க!"

தடையும் போச்சு, விதியும் போச்சு. பதின்மூன்று பேரும் கையை நீட்டி நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். டாக்டர்தான் எல்லோருக்கும் முன்னால் போனார். மூன்று வாரமாகப் பார்க்காத முகம் அவருக்கு இருந்தது. முன்மொழிந்தவரும் இல்லை, வழிமொழிந்தவரும் இல்லை, நாற்காலிகள் மட்டும் இருந்தன.

மச்சினன் மெஷினை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"மாப்ளே, இங்க வா. ஒரு கையெழுத்துப் போடணும்."

"எதுக்கு மாமா?"

"உன்னை கிளப்புல சேத்தாச்சு."

"எங்கிட்ட விமானம் இல்லையே."

"அதான் தகுதி. உன்னுது எதுவும் காணாமப் போகாது."

புத்தகத்தை வாங்கிப் படித்தான். 'விதி ஏழு நீக்கப்படுகிறது. விமானம் விழுந்தால் மூன்று நாள் தேடலாம், அதன்பின் வெட்டப்படும். முன்மொழிந்தவர்: செக்ரட்டரி. கூட்டத்தில் இருந்தவர்கள்: இருவர். எதிர்ப்பு: இல்லை.'

"இது செல்லுமா?"

"மீட்டிங் இன்னும் முடியலையே. எந்திரிச்சுப் போனவங்க போனாங்க, நான் என்ன பண்ணட்டும்?"

அவன் பேனாவை வாங்கிக்கொண்டான். கையெழுத்துப் போடவில்லை. புத்தகத்தைப் புரட்டி, பின்னால் ஒட்டியிருந்த பழைய முறைப்பட்டியலைப் பார்த்தான்.

"மெம்பர்னா முறை வச்சு வெட்டணும் போல இருக்கே. இதுவரைக்கும் தொழிலா வெட்டினேன், இனிமே கடமையா வெட்டணுமா?"

"அதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

"இப்பவே பேசிடலாம் மாமா. என் முறை வந்தா நீங்க ஓட்டுங்க. மெஷின் நான் தர்றேன். மூணு முறை நீங்க, ஒரு முறை நான். சரின்னா போடறேன்."

மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஏணியை நகர்த்தும் சத்தம் கேட்டது. "கூரையில இல்ல! தொட்டியில பாருங்க!" என்று ஹெலிகாப்டர் கத்தினார். லாரி ஷெட்காரர் அதைவிட உரக்கக் கத்தினார்.

பத்து வருடத்தில் இந்த மைதானத்துக்குள் பேரம் நுழைந்தது இதுதான் முதல் தடவை. அதுவும் என் வீட்டு வழியாக.

"ரெண்டு" என்றேன்.

அவன் பேனாவை மூடினான்.

"ரெண்டரை" என்றேன்.